நூற்றறுபத்தொன்பது மாணவிகளின் கண்கள்

அனுப்புநர்
ஜெ. தஹ்மீனா,
உதவிப் பேராசிரியர், புள்ளியியல்,
திருத்துறைப்பூண்டி.

பெறுநர்
உரிமம் வழங்கும் அலுவலர்,
செயற்கை நுண்ணறிவுச் சரிபார்ப்பு நிறுவனங்கள் பிரிவு,
சென்னை.

பொருள்: பொய்ச்சான்று அளித்த ‘மெய்ச்சான்று’ சரிபார்ப்பு நிறுவனத்தின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படமெடுத்துப் பாதிப்பைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு மேற்படி நிறுவனம் சென்ற ஆண்டு நற்சான்று அளித்தது. இவ்வூரில் நோயாளிகள் இருநூறு பேரிடம் சோதித்ததாகச் சான்றில் உள்ளது. அது பொய். சோதனை நடந்தது எங்கள் கல்லூரி அரங்கில். சாட்சிக் கையொப்பம் என்னுடையது.

2. 23.01.2025 அன்று சம்பா அறுவடை நேரம். வந்த நோயாளிகள் முப்பத்தொரு பேர்தான். மாலைக்குள் எண்ணிக்கை நிரம்ப வேண்டும் என்று நிறுவன அலுவலர் திரு. ஹரிஹரசுப்ரமணியன் கேட்டுக்கொண்டதால், என் மாணவிகள் நூற்றறுபத்தொன்பது பேரை வரிசையில் நிறுத்தினேன். அனைவரும் இருபது வயதுக்குட்பட்டவர்கள். குறையில்லாத கண்ணைக் குறையில்லை என்று சொல்ல ஒரு கருவி தேவையா? மாதிரியெடுப்பைப் பாடமாக நடத்துகிற எனக்கு இது தெரியாததல்ல. கல்லூரிப் பேருந்து கிளம்பக் காத்திருந்தது, கையொப்பமிட்டேன். அன்றைய மதியச் சாப்பாடு, கருவியைச் செய்த நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பைகளில் வந்தது. தாங்கள் அவர்களுக்கு வழங்கிய உரிமத்தில் ‘சுயேச்சையான சரிபார்ப்பு’ என்ற சொல் எந்தப் பொருளில் எழுதப்பட்டுள்ளது என அறிய விரும்புகிறேன்.

3. சென்ற மார்ச்சில் இங்கு நடந்த கண் பரிசோதனை முகாமில் அதே கருவி, நெடுநாள் சர்க்கரை நோயாளியான என் அக்கா ஹலீமாவுக்குப் ‘பாதிப்பு இல்லை’ என்று சீட்டுக் கொடுத்தது. கண் மங்குகிறது, தஞ்சாவூர் போய்க் காட்டலாமா என்று ஜூனில் கேட்டார். சீட்டுதான் இருக்கிறதே என்று தடுத்தவள் நான். டிசம்பரில் போனபோது வலது கண் பார்வை போய்விட்டிருந்தது. மார்ச் மாதப் படத்திலேயே விழித்திரைக் கசிவு தெளிவாகத் தெரிகிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துள்ளார் (இணைப்பு 1). அக்கா தையல் கடை வைத்திருப்பவர். ஊசியில் நூல் கோக்க இப்போது என் மகளைக் கூப்பிடுகிறார். என்னைக் கூப்பிடுவதில்லை.

4. நிறுவனத்திடம் தொலைபேசியில் முறையிட்டேன். “மேடம், நாங்க மெஷினுக்குத்தான் சான்று குடுத்தோம், உங்க அக்காவுக்கு இல்ல. கையெழுத்தும் உங்களோடதுதானே?” என்றார் அதே அலுவலர். பின்னது உண்மை.

5. தங்களுக்கு இருமுறை எழுதினேன். சான்று விதிப்படி உள்ளது என ஒரு வரிப் பதில் வந்தது. சோதிக்கப்பட்டவர்களின் வயதுப் பட்டியல் அச்சான்றின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது. தங்கள் அலுவலகத்தில் எவரும் அதைப் புரட்டவில்லை.

02.02.2026 அன்று இக்கருவி நாகூர் முகாமுக்குப் போகிறது. கண் மருத்துவர் உடனிருக்க, உண்மையான நோயாளிகளிடம் மீண்டும் சோதிக்கும்வரை அதைத் தடுத்து நிறுத்தவும், நிறுவனத்தின் உரிமத்தைப் புதுப்பிக்காதிருக்கவும் கோருகிறேன். என் சாட்சிக் கையொப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். அன்றைய மாணவியர் வருகைப் பதிவேட்டின் நகல் இணைப்பு 2. என்மீதும் நடவடிக்கை எடுப்பதானால் எடுங்கள், விசாரணைக்கு வருவேன். எதுவானாலும் பிப்ரவரி இரண்டாம் தேதிக்கு முன் எடுங்கள்.

இடம்: திருத்துறைப்பூண்டி
நாள்: 19.01.2026

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஜெ. தஹ்மீனா