வாளியில் போட்ட ஒரு கை சுண்ணாம்பு

நவ. 10, திங்கள்

விடியலிலிருந்து மழை. ஏழரை வரை டி.வி. முன்னால் காத்திருந்தும் லீவு அறிவிப்பு வரவில்லை. திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் குடையை மடக்கக்கூட இடமில்லாமல் நின்றே போனேன். புடவை முழங்கால் வரை ஈரம்.

+1க்கு வேதிச் சமநிலை ஆரம்பம். +2க்கு வினைவேகம் இன்னும் இழுக்கிறது. அரையாண்டுக்குள் அதை முடிக்காவிட்டால் ஹெச்.எம். என்னை முடித்துவிடுவார்.

“சமநிலைன்னா வினை நின்னுடும்தான மிஸ்?” என்றாள் முதல் பெஞ்ச் பவித்ரா. வருஷா வருஷம் ஒருத்தி இதைக் கேட்காமல் விடுவதில்லை. நிற்காது. முன்னாலும் போகும், பின்னாலும் வரும், இரண்டும் ஒரே வேகம், அதனால் வெளியே ஒன்றும் தெரியாது. பஸ் உதாரணம் சொன்னேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் சமமாக இருந்தால் உள்ளே கூட்டம் மாறாது, இல்லையா? கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “நம்ம பஸ்ல எவன் மிஸ் எறங்குறான்?” வகுப்பே சிரித்தது. நானும்தான்.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. தம்பி குமரன் மழைக்கோட்டோடு குட்டைக்கரையிலேயே நிற்கிறான். படூரில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு, அப்பாவின் கால்வாய் ஓர நிலத்தில் இறால் குட்டை வெட்டி இரண்டு வருஷம் ஆகிறது. முதல் தடவை விட்ட குஞ்சுகள் நோயில் போயின. இது இரண்டாவது. இன்னும் மூன்று வாரம் தாங்கினால் பிடித்து விற்கலாம். இதுவும் போனால் அவன் கத்தாருக்குப் போக வேண்டியதுதான். அவன் மனைவி ஜெயந்தியின் அண்ணன் அங்கே ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

“அவரு போய்ட்டா பாப்பா இன்னா பண்ணும்னே தெரில அண்ணி. அவரு கையால ஊட்னாதான் துன்னுது,” என்றாள் ஜெயந்தி. எனக்கும்தான் தெரியவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அவனை விட்டு நான் இருந்ததில்லை. நாற்பத்தாறு வயசில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

வாங்க: துவரம்பருப்பு, டார்ச்சுக்கு செல், பாப்பாவுக்கு இருமல் மருந்து.

நவ. 11, செவ்வாய்

பஸ் ஏறியபிறகு லீவு அறிவிப்பு! பாதியில் இறங்கி நனைந்துகொண்டே திரும்பினேன். வாயில் வந்ததை இங்கே எழுதுவதற்கில்லை.

குட்டைக்குப் போனேன். குமரன் சோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டினான். அம்மோனியா பார்க்கிற கிட். பச்சை ஏற ஏற அம்மோனியா அதிகம். நல்ல பச்சைதான், ஆனால் போன வாரத்தைவிட ஏறவில்லை. பி.எச். மட்டும் மழைத் தண்ணீரால் இறங்கியிருந்தது. “நாளைக்கு சுண்ணாம்பு போட்டுடலாம்க்கா. மழைக்கு அப்பால எல்லாரும் போடுவாங்க,” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குழாய் காட்டுவது மொத்தக் கணக்கு. தண்ணீருக்குள் அது இரண்டு வேஷம் போடும். அம்மோனியம் சாது, இறாலை ஒன்றும் செய்யாது. அம்மோனியா விஷம், செவுளை எரித்துவிடும். ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். நேற்றுக் கரும்பலகையில் போட்டேனே, அதே இரட்டை அம்புக்குறி. பி.எச். இறங்கியிருக்கும்வரை பெரும்பாலும் சாதுப் பக்கம். சுண்ணாம்பு விழுந்தால் பி.எச். ஏறி விஷப் பக்கம் சாயும். குழாயில் நிறம் மட்டும் அப்படியே இருக்கும்.

சாப்பிடும்போது சொன்னேன்.

“நீ எறா வளத்து பாத்துகிறியாக்கா?”

“நீ கெமிஸ்ட்ரில இன்னா மார்க்குன்னு நான் பாத்துருக்கேன்டா.”

“அப்போ ஊர்ல கீறவன்லாம் லூசா? நீ ஒருத்திதான் அறிவாளியா?”

ஜெயந்தி ரசத்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தாள். அவன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். பின்னாலேயே போய், ஒரே ஒரு நாள் பொறுத்துக்கொள் என்று கெஞ்சினேன். மார்க்கைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாது. மற்றபடி நான் சொன்னதில் தப்பில்லை.

நவ. 12, புதன்

தூறல். பள்ளி உண்டு. +2க்கு லேப், உப்புப் பகுப்பாய்வு. அம்மோனியம் உப்பில் காரம் விட்டுச் சூடாக்கினதும் மூக்கைத் துளைத்தது. பிள்ளைகள் “மிஸ்ஸ்ஸ்” என்று ஜன்னலுக்கு ஓடின. ஒரு நிமிஷம் முன்னால் வாசனையே இல்லாத உப்பு. வாயால் சொன்னால் குமரன் கேட்கமாட்டான், கண்ணால் காட்ட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

சாயங்காலம் பாத்ரூமிலிருந்து இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு குட்டைக்குப் போனேன். பச்சை, சிவப்பு. இரண்டிலும் அதே குட்டைத் தண்ணீர், நாலு நாலு இறால். மோட்டார் கொட்டகை நிழலில் வைத்தேன். அவன் வாங்கி வைத்த மூட்டையிலிருந்து ஒரு கை சுண்ணாம்பை அள்ளிச் சிவப்பில் போட்டுக் கலக்கினேன். ஜெயந்தி கொடுத்தனுப்பிய காபி ஆறுவதற்குள் சிவப்பில் துள்ளல். ஒன்று மல்லாந்தது. பிறகு எல்லாமே. பச்சையில் நாலும் மீசையை ஆட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தன.

குமரன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தான். “ஐயோ, செத்துப்பூட்ச்சே எல்லாம்.” சுண்ணாம்பு மூட்டையின் வாயைக் கட்டிவிட்டு, “சரிக்கா. போடல,” என்றான்.

அடுத்த குட்டைக்காரர் வேலு அண்ணனும் கரையில் நின்று பார்த்தார். “டீச்சரம்மா கைல வித்தை கீதுப்பா!” என்றார்.

பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல? இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி அழித்தது முதல் தடவையாக வீட்டுக்கு உபயோகப்பட்டது.

நவ. 14, வெள்ளி

மழை விட்டு சுள்ளென்று வெயில். குழந்தைகள் தினம். வகுப்புக்கு மிட்டாய்.

+1க்கு வாளிக் கதையைச் சொன்னேன், கொஞ்சம் மசாலா சேர்த்து. கைதட்டல். “அப்போ புக்குல கீறது நெஜமாவே நடக்குதா மிஸ்?” என்றாள் பவித்ரா. பின்னே, சும்மாவா எழுதி வைத்திருக்கிறார்கள் என்றேன்.

குமரன் பாப்பாவைத் தோளில் உட்காரவைத்துக் கரையைச் சுற்றி வந்தான். கத்தார் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஜெயந்தியிடம் கேட்டானாம். அவள் அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குட்டைத் தண்ணீர் பச்சை பிடித்துவருகிறது. “வெயிலுக்குப் பாசி நல்லா வருதுக்கா,” என்றான். நல்லதுதானே என்றேன்.

நவ. 17, திங்கள்

மூன்று நாளாக நல்ல வெயில். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், போன். ஜெயந்தி. “அண்ணி, எறாலாம் ஓரத்துக்கு வந்து வந்து வுழுது. அவரு கத்திக்கினு கீறாரு. சீக்கிரம் வாங்க.”

பர்மிஷன் போட்டு ஓடினேன். பஸ் வரவில்லை, ஷேர் ஆட்டோ. குட்டையில் தண்ணீரை அடித்துக் காற்றுக் கலக்கும் சக்கரமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, கரை ஓரமெல்லாம் இறால் வெளுத்துக் கிடக்கிறது. குமரன் மார்பளவு தண்ணீரில் வலையோடு. வேலு அண்ணனும் அவர் ஆட்களும் ஐஸ் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். உயிரோடு பிடித்தது கால்வாசிகூட இல்லை. அதுவும் சின்னது, எந்த விலைக்கும் தேறாது.

“இன்னாத்துக்குக்கா? சுண்ணாம்புகூட போடலியே,” என்று மறுபடி மறுபடி கேட்டான். அவன் அழவில்லை, நான்தான் ஊரைக் கூட்டி அழுதேன்.

நவ. 18, செவ்வாய்

சி.எல். போட்டேன். கரையில் நிற்க முடியாத நாற்றம்.

தீவனம் விற்கிற கம்பெனியிலிருந்து டெக்னீஷியன் வந்தார், சின்ன வயசு. காலையில் ஒரு தடவை மீட்டரைத் தண்ணீரில் விட்டார், மதியம் இன்னொரு தடவை. காலையில் பி.எச். ஏழு சொச்சம். மதியம் ஒன்பதைத் தாண்டிவிட்டது. குமரன் எதிர்க் கரையில் வலையை அலசிக்கொண்டிருந்தான். என்னிடம்தான் கேட்டார்.

“மழைக்கப்புறம் சுண்ணாம்பு போடலீங்களா மேடம்?”

“இல்ல.”

“அடடா. போட்டிருந்தா இந்த ஆட்டம் ஆடியிருக்காதே. மழைத் தண்ணில புடிமானமே கெடையாது. பாசி பகல்ல கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிடும், பி.எச். எகிறிடும். காலைல மட்டும் பாத்தா தெரியாது. அம்மோனியாவும் இருந்திருக்கு. மீதி உங்களுக்கே தெரியுமே, கெமிஸ்ட்ரி டீச்சராமே.”

தெரியும். தாங்கல் கரைசல், பி.எச்.சை ஏறவும் இறங்கவும் விடாமல் பிடித்து வைப்பது, +2 பாடம். சுண்ணாம்பு படாமலே வெயிலும் பாசியும் சேர்ந்து விஷப் பக்கம் சாய்த்துவிட்டன. அந்த எகிறலைப் பிடித்து நிறுத்தியிருக்கக் கூடியது சுண்ணாம்புதான். ஒரே ஓர் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு நான்தான் அதை வேண்டாம் என்றேன்.

அவருக்கு வேறு குட்டைக்குப் போக அவசரம். குமரன் கரையேறி வருவதற்குள் வண்டியை எடுத்துவிட்டார்.

நவ. 19, புதன்

ஸ்டாஃப் ரூமில் ஒரு ப்ரீ பீரியட். கணக்குப் போட்டேன். ஒரு வாளிக்கு ஒரு கை. அவன் போட இருந்ததோ முழுக் குட்டைக்கும் சேர்த்து நாலு மூட்டை. வாளியில் நான் போட்டது அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். நூறா முந்நூறா என்று கடைசிவரை போகாமல் பேனாவை மூடிவிட்டேன். அந்தச் செறிவில் எது போட்டாலும் சாகும், முதலைகூடச் சாகும். விடையில் செறிவு எழுதாத பிள்ளைக்கு அரை மார்க் குறைக்கிறவள் நான். திமிர் பிடித்த கழுதை.

இதைவிட மோசம் சாயங்காலம் நடந்தது. குமரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “நீ கரெக்டாதான்க்கா சொன்ன. போன மாசம் நான் போட்டனே சுண்ணாம்பு, அதான் அடில தங்கிகினு இப்போ வேலைய காட்டிட்ச்சு. உன்ன முன்னாடியே கேட்டுருக்கணும்.”

வாயைத் திறந்தேன். “சாப்டியா?” என்றுதான் வந்தது.

நவ. 23, ஞாயிறு

கத்தார் முடிவாகிவிட்டது. மெடிக்கல் ஆயிற்று, டிசம்பர் முதல் வாரம் பயணம்.

வாங்க: பெட்டிக்குப் பூட்டு, ஊறுகாய், அவனுக்கு இரண்டு லுங்கி.

ஜெயந்தி துணி மடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, கணக்கு, டெக்னீஷியன் சொன்னது. மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“அவராண்ட சொல்லாதீங்க அண்ணி. எங்க அக்கா சொன்னா சரியா இருக்கும்னு அது ஒண்ணுதான் இப்போ அவருக்கு மிச்சம் கீது. அதயும் ஏன் புடுங்கணும்?”

சொல்லாமலிருக்க ஒரு காரணம் கிடைத்தது. சட்டென்று பிடித்துக்கொண்டேன், வெட்கங்கெட்டவள்.

அவனோ டீக்கடையில் உட்கார்ந்து பார்க்கிறவனிடமெல்லாம் சொல்கிறானாம்: “எங்க அக்கா அப்பவே சொல்ச்சு. சுண்ணாம்ப மட்டும் தொட்டுடாதீங்க.”

நவ. 27, வியாழன்

மறுபடி மேகம். ஹெச்.எம். வினைவேகம் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்று பொய் சொன்னேன், இப்போதெல்லாம் சுலபமாக வருகிறது.

+1 சிறு தேர்வு. சமநிலையைக் கலைத்தால் என்ன ஆகும், ஓர் எடுத்துக்காட்டு தருக. பவித்ரா வாளிச் சோதனையைப் படம் போட்டு எழுதியிருக்கிறாள். சிவப்பு வாளி, பச்சை வாளி, மீசையோடு இறால். கீழே ‘எங்கள் ஆசிரியை செய்து காட்டியது’. முழு மார்க் போட்டேன். அந்த மார்க்கை அடித்தேன். அவள் என்ன செய்வாள் பாவம் என்று மறுபடி போட்டேன்.

நவ. 29, சனி

நேற்று முழுக்க மழை, இன்று காலை வெளுத்தது. குமரன் கூடத்தில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வேலு அண்ணன் செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“டீச்சரம்மா, என் குட்டைலயும் பி.எச். எறங்கிகினு கீது. போன தடவ குஞ்சு பொடிசு, தப்பிச்சிட்ச்சு. சுண்ணாம்பு வாங்கி ரெடியா வச்சிக்கிறேன். குமரன் தொடவே கூடாதுன்றான். நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். போடலாமா, வேணாமா?”

“அதான் சொன்னனே அண்ணாத்த, வேணாம்னு,” என்றான் குமரன், நிமிராமல்.

ஜெயந்தி அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்று. பேசாமல் இருந்தால் இந்த மனுஷர் குட்டையும் அடுத்த வெயிலுக்குப் போகும். அவருக்கு இரண்டு பெண்கள்.

“போடுங்க அண்ணா,” என்றேன். “இன்னிக்கு சாயங்காலமே போடுங்க. நீங்க எப்பவும் போடற அளவுதான், கூடப் போடாதீங்க.”

குமரன் கயிற்றை விட்டான். “இன்னாக்கா சொல்ற?”

“போடணும்டா. நமக்கும் போட்டிருக்கணும். நான் தப்பா சொல்லிட்டேன். வாளில அளவு பாக்காம அள்ளிப் போட்டுட்டேன். போன மாசம் நீ போட்டது ஒண்ணும் பண்ணல. உன் மேல ஒரு தப்பும் இல்ல.”

“எப்போ தெரியும் உனக்கு?”

“டெக்னீஷியன் வந்த அன்னிக்கே.”

வேலு அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஜெயந்தி பாப்பாவை உள்ளே தூக்கிப் போனாள். குமரன் கத்துவான் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. கயிற்றை எடுத்து, முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தான். பிறகுதான் பேசினான்.

“அங்க போய் சேந்ததும் ஜெயந்திக்கு போன் பண்றேன். நீ எடுக்காதக்கா.”