மூன்று அட்டை மாத்திரை

மூன்றாம் மாடி, ஏழாம் கட்டில்
மார்ச் 4, திங்கள் காலை

மாப்பிள்ளையின் தாயார் அவர்களுக்கு,

வணக்கம். தாடை வீங்கி வாய் திறக்க முடியாததால் எழுதுகிறேன். திறக்க முடிந்திருந்தால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்கும்.

கடைவாய்ப்பல் வலிக்கு ஓர் ஊசி போட்டுக்கொள்ளத்தான் நேற்று உங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தேன். டாக்டர் சீட்டு எழுதி அனுப்ப இருந்தார். தலைமை நர்ஸ் என்று நீங்கள் வந்து நின்றீர்கள். என் பையைத் துழாவி, மாத்திரை அட்டைகளைப் புரட்டி, டாக்டரின் காதில் ஏதோ ஓதினீர்கள். இப்போது என் கையில் குழாய். அதில் ஏறுகிற மருந்து கெட்ட முட்டையாக நாறுகிறது. பல்வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. புதன்கிழமைக்குள் அறுபது பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்க வேண்டிய தையற்காரன் நான்.

கல்யாணத்தில் வாய் தவறி வந்த ஒரு வார்த்தைக்கு, மூன்று வருடம் கழித்துப் பழிவாங்கலா? என் செருப்பையும் காணோம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தகப்பன்


அவசரப் பிரிவு
மார்ச் 4, திங்கள் மதியம்

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு என் மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிவிட்டாள். செருப்பை வீட்டுக்கு எடுத்துப் போனது அவள்தான். பெற்ற அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

பல் டாக்டர் கொடுத்த வலி மாத்திரை ஓர் அட்டை, கடையில் கேட்டு வாங்கிய காய்ச்சல் மாத்திரை ஓர் அட்டை, வீட்டில் கிடந்த சளி மாத்திரை ஓர் அட்டை. பெயர் வேறு, நிறம் வேறு. பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்தால் மூன்றிலும் பாராசிட்டமால். ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. “எத்தனை போட்டீங்க?” என்று கேட்டதும் ஒவ்வொரு அட்டைக்கும் விரல் விட்டுக் காட்டினீர்களே, கூட்டிப் பார்த்தேன். நாளுக்கு இருபத்திரண்டு, அதுவும் மூன்று நாள்! இதன் கெட்ட குணமே, முதலில் ஆளை நன்றாக வைத்திருப்பதுதான். ஈரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்போதும் ஆள் செருப்பைத் தேடுவார். அந்த நாற்ற மருந்துதான் இதற்கு மாற்று மருந்து.

“இவங்க என்ன, பெட்பேன் தூக்குறவங்கதானே” என்று நாலு பேர் முன்னால் சொன்னீர்கள். மறக்கவில்லை. அதற்காக நான் யாருக்கும் குழாய் போடுவதில்லை.

தலைமை நர்ஸ்


மார்ச் 5, செவ்வாய் காலை

சம்பந்தி அம்மாவுக்கு,

விடிந்ததிலிருந்து வாந்தி. வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கிறது. நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஈரல் எண் நாலாயிரம் என்று டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சீருடைத் துணியை வேறு கடையில் கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

ஒளிக்காமல் சொல்லுங்கள். பிழைப்பேனா? எனக்குப் பயமாக இருக்கிறது.

தையற்காரன்


மார்ச் 5, செவ்வாய் மதியம்

சம்பந்திக்கு,

ஒளிக்காமல் சொல்கிறேன். இன்னும் தெரியாது. நாளைக்கு எண் இன்னும் ஏறும், அதைக் கண்டு உடைந்துபோகாதீர்கள். மாற்று மருந்து நேற்று முன்தினமே ஏறத் தொடங்கிவிட்டது. நம் பக்கம் இருக்கிற பெரிய பலம் அதுதான்.

பதினொரு வருடத்துக்கு முன் ஒரு கல்லூரி மாணவி இப்படித்தான் வந்தாள். தலைவலிக்கு அள்ளிப் போட்டிருந்தாள். “எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்று சிரித்தாள். நானும் நம்பி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினேன். நாலாம் நாள் மஞ்சளாகத் திரும்பி வந்தாள். எங்களால் முடியவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் பையைத்தான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்களை விட்டிருந்தால் என் மருமகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

வேலை முடிந்ததும் மேலே வந்து உட்காருகிறேன். பேச வேண்டாம், தூங்குங்கள்.

நர்ஸ்


மார்ச் 9, சனி

சம்பந்தி அம்மா,

இறங்கிவிட்டது! புதன் ஐயாயிரம், வியாழன் நாலாயிரம், இன்று ஆயிரத்து எழுநூறு! இரத்தம் உறைகிற சோதனையும் சரியாகிவிட்டதாம். டாக்டர் இன்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். தாடை வீக்கம் வடிந்து கஞ்சி இறங்குகிறது.

நான் சும்மா இல்லை. வார்டில் எல்லோருடைய மாத்திரை அட்டையையும் வாங்கிப் பின்பக்கம் படிக்கிறேன். எட்டாம் கட்டில்காரரின் மாமியார் ஒரே சரக்கை இரண்டு பெயரில் பையில் வைத்திருந்தார், பிடித்துவிட்டேன். “இவர் ஒருத்தர் போதும், நாங்க வீட்டுக்குப் போறோம்” என்கிறார்கள் நர்ஸ் பெண்கள். திங்கட்கிழமை என்னை விடுகிறார்கள்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 11, திங்கள் மாலை

அண்ணாவுக்கு,

இன்று நீங்கள் லிஃப்டில் நேராக வாசலுக்குப் போவீர்கள் என்று நினைத்தேன். அவசரப் பிரிவில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். நடுவில் வந்து நின்று, “எல்லாரும் கேளுங்க, இவங்க என் சம்பந்தி. இவங்க வேலையைக் கேவலமாப் பேசின வாய் இது. அந்த வாய்க்குச் சோறு இறங்குறது இவங்களாலதான். தப்புப் பண்ணிட்டேன், மன்னிச்சுக்கம்மா” என்று சொன்னீர்கள். டாக்டர்கூடக் கை தட்டினார்.

நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது கோபத்தால் அல்ல. இருபத்தாறு வருடமாக எத்தனையோ பேர் இங்கிருந்து பிழைத்துப் போயிருக்கிறார்கள். பிழைத்தவர்கள் அவசரமாகத்தான் போவார்கள், அதுதான் சரியும்கூட. யாரும் திரும்பி வந்து நின்றதில்லை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். சாப்பாடு நான் சமைக்கிறேன். நாம் சமாதானமாகிவிட்டதை நம் பிள்ளைகள் இருவரும் இன்னும் நம்பவில்லை, நேரில் வந்து உட்காருங்கள், பார்க்கட்டும்.

உங்கள் தங்கச்சி