ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. ஞானமணி கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். என் பொண்டாட்டியைக் கடலைக் கொல்லையில் குடல் சரியக் கிழித்துப் போட்ட பன்றி, தைலமரக் காட்டுக்குள் உயிரோடு திரிகிறது. கூட்டத்தோடு வருகிறது. ஒன்றையும் விடமாட்டேன்.

ஆகஸ்ட் 6

மகள் ஜெனிபரின் புருஷன் மரியசெல்வம் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது போட்டிகளில் சுடுகிறார், லைசென்ஸ் உண்டு. சுட்ட தோட்டாவில் மறுபடி வெடிமருந்து அடைக்கும் மெஷின் வாங்க வேண்டுமாம். போனில் இரண்டு காட்டினார். ஒன்றில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகப் பிடியை இழுக்க வேண்டும். மருந்து விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு மூடலாம். மற்றது தானாகச் சுற்றும். ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா.

"மெதுவானதே போதும் மாமா. போட்டிக்குத்தானே."

"ஒங்க மாமியாரைக் கிழிச்சது போட்டியிலயா?"

"பன்னியை பாரஸ்ட்காரங்கதான் சுடணும். மனுக் குடுத்திருக்கோம்ல."

"அவங்க வர்றதுக்குள்ள அது பேரன் பேத்தி எடுத்துரும்."

சுற்றுவதையே வாங்க வைத்தேன்.

ஆகஸ்ட் 19

மெஷின் வந்தது. நான்தான் இழுக்கிறேன். "செக்கா ஆட்டுறீங்க? மெதுவா மாமா" என்கிறார். மெதுவாகவாம்.

ஆகஸ்ட் 24

விடியும்போது கொல்லையில் பன்றிக் கூட்டம். மருமகனைத் துப்பாக்கியோடு இழுத்துப் போனேன். முதல் தோட்டாவில் ஒரு குட்டி உருண்டு கத்தியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? அடுத்தது புஸ்ஸென்று போனது. நான் இழுத்த வேகத்தில் அதில் மருந்து விழவில்லை.

"குழலைப் பாக்கணும் மாமா."

பெரிய பன்றி எங்களை நோக்கி வந்தது. நான் வேலை பார்த்த கல்குவாரியில் ஒரு குழி வெடிக்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்த குழிக்குத் தீ வைப்போம். எனக்கு அந்தப் புத்திதான் வந்தது. "அது கெடக்கு, அடுத்ததைப் போடுங்க" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். போட்டார். புஸ்ஸென்று போன தோட்டாவின் ஈயம் வெளியேறாமல் குழலுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. துப்பாக்கி அவர் கையிலேயே பிளந்தது.

இடது கை விரல்களைக் கடலைச் செடிக்குள் தேடினேன். துண்டில் கட்டினேன் — வேண்டாம், போதும்.

ஆகஸ்ட் 25

ஒரு கண்ணும் போய்விட்டது.

ஆகஸ்ட் 29

போலீஸ் வந்து துப்பாக்கியை எடுத்துப் போனது. மெஷினைப் பார்த்து, "தேங்கா உரிக்கிறதாம்மா?" என்று கேட்டார் ஏட்டு. "ஆமா சார்" என்றாள் ஜெனிபர்.

செப்டம்பர் 14

மருமகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். இத்தனை நாள் பேசாத மகள் இன்று பேசினாள்.

"அம்மாவைப் பன்னி கிழிச்சுச்சு. இவரைக் கிழிச்சது நீங்க."

"விடு ஜெனி, சோத்தைப் போடு" என்றார் அவர்.

செப்டம்பர் 21

மெஷினை விலைக்குக் கேட்டு இலுப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். மெதுவானதையும் ஓரிடத்தில் பார்த்து வைத்திருக்கிறாராம்.

"ஐயா, எதை வாங்கலாம்? இது நல்லா வேகமா ஓடும்ல?"

"ஓடும்" என்றேன்.

மருமகன் துண்டை விலக்கி, மிச்சமிருந்த கையை மேஜைமேல் வைத்தார். வந்தவர் காப்பியைக் குடித்து முடிக்காமல் வண்டியை எடுத்தார்.

பட்டப்பகலில் கொல்லைக்குள் பன்றிகள் கிளறும் சத்தம் கேட்கிறது. நாங்கள் மூன்று பேரும் உள்ளேதான் இருக்கிறோம்.