அம்மா நிறுத்தாத தொட்டி

இன்று ஆய்வகத்தில் அந்தச் சின்ன டப்பாவைத் திறந்ததும் மெத்தனால் வாடை வந்தது. உன் துப்பட்டாவில் எப்போதும் இருந்த வாடை. பஞ்சின்மேல் உன் சிவப்புப் படிகத்திலிருந்து பிளந்தெடுத்த இரண்டு தகடுகள். ஒன்று லேசர் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத டெராஹெர்ட்ஸ் அலையைக் கிளப்புகிறது. மருந்துத் தூளைக் கடந்து வரும் அந்த அலையை மற்றொன்று உணர்ந்து சொல்கிறது. பழைய படிகங்கள் ஒரு குறுகிய அலைவரிசைப் பட்டையோடு நின்றுவிடும். உன்னுடையது அதற்கப்பால் வெகுதூரம் காட்டுகிறது, நீ சொன்னபடியே.

படிகம் வளர, மெத்தனால் கரைசலை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர வைக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் எல்லாம் தூளாகிவிடும். நம் கல்லூரியிலோ அது எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. "எங்க டவுன்ஷிப்ல கரண்டே போவாதுடி" என்று, சூட்டைச் சீராக வைக்கும் அந்தத் தண்ணீர்த் தொட்டியோடு நெய்வேலிக்குப் பஸ் ஏறினாய். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். மீன் தொட்டியா என்று கண்டக்டர் கேட்டார். கூசாமல் ஆமாம் என்றாய். உன் அப்பாவின் குவார்ட்டர்ஸில் உன் கட்டிலுக்கு அருகே அதை வைத்து, கரைசல் ஜாடியை உள்ளே இறக்கினோம்.

பிறகு உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அம்மாவிடம் நீ சொன்னது ஒன்றுதான். "நிறுத்திடாதம்மா."

நீ திரும்பவில்லை. சாவுக்கு வந்த நான் அதன்பின் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. அம்மா முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. படிகம் அந்த வாரமே வளர்ந்து முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். யாராவது தொட்டியை நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்வது சுலபம்.

உன் அப்பா ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் போனேன். பஸ் முத்தாண்டிக்குப்பம் தாண்டும்போது என் கவலையெல்லாம் படிகத்தின்மேல்தான், அம்மாமேல் இல்லை. உன்னிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குறையாமல் இருந்தது.

"தெனம் பாத்து ஊத்திகினு வரேன் கண்ணு. வூட்ட பூட்டிகினு எங்கயும் போவல" என்றார் அம்மா. இதோ இருக்கிற திருவதிகையில் அம்மாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். அதற்கும் போகவில்லையாம்.

"இப்ப நிறுத்தலாமா?"

"நிறுத்தலாம்மா."

"நீயே நிறுத்து. என்னால ஆவாது."

சுவிட்சைத் தட்டினேன். மோட்டார் சத்தம் நின்றதும் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நான் சரியாத்தான பாத்துகினேன்?"

"உங்களாலதாம்மா வளந்துச்சு" என்றேன். பொய். அது எப்போதோ வளர்ந்து முடிந்திருந்தது.

இப்போது அவர்கள் திருவதிகையில் இருக்கிறார்கள். போன வாரம் அம்மா போன் செய்தார். "அடுத்த தொட்டிய இங்க கொண்டாந்து வை கண்ணு. இங்க கரண்டு போவுது. போனா என்னா, நான் முழிச்சிகினு இருந்து பாத்துகிறேன்."

வருகிறேன்மா என்றேன். உண்மையைச் சொல்லப் போகிறேனா, தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறேனா, எனக்கே தெரியவில்லை. சரியாகப் பார்த்துக்கொண்டேனா என்று அன்று அவர் கேட்ட கேள்வியை மட்டும் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அவர் என்னிடம் கேட்டார். நான் யாரிடமும் கேட்க முடியாது. உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்ளவே இல்லை.