தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு டபுள் பேஸ்

என் சிரிப்புக்கார அண்ணாவுக்கு,

கண்டியில் ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டது. மத்தியானம் வரை வெயில். மூன்று மணிக்குப் பார்த்தால் ஹந்தானை மலையைக் காணோம். நீ போன பிறகு வரும் இரண்டாவது ஐப்பசி இது. உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்தேன். உட்கார்ந்தால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தெரியும். அதனால் பேனாவை மூடிவைத்துவிடுவேன். நேற்று நடந்ததற்குப் பிறகு மூடிவைக்க முடியவில்லை. மற்றவர்களும் படிக்கட்டும். எனக்குள்ளேயே வைத்திருந்து என்ன கண்டேன்?

போன புதன்கிழமை காசிம் நானா அக்குறணையிலிருந்து வந்தார். பேண்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து டிரம் அடித்தவர், உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனவர், நம் வாசலில் அந்நியரைப் போல நின்றார். அம்மா அவர் குரலைக் கேட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. உன் கூட்டாளிகள் யார் வந்தாலும் இப்போது அப்படித்தான்.

"தங்கச்சி, கோவிக்க வேணாம். ஒரு உதவி கேக்கத்தான் வந்தேன்," என்றார். "பேண்டுக்குப் புதுசா ஒருத்தன் வந்தீக்கான். பியதாச எண்டு பேரு, கட்டுகஸ்தோட்டை. நல்ல கை. ஆனா அவன்ட்ட டபுள் பேஸ் இல்ல. கையில சல்லியும் பெரிசா இல்ல. நீங்க வந்து ஒண்டப் பாத்து, 'இத எடு' எண்டு செல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"சுந்தர் எப்பவும் செல்லுவானே. 'என் பேஸைப் படிச்சுப் பாத்து எடுத்தது என் தங்கச்சி. அவ எடுத்தா தப்பாது' எண்டு."

அப்படியா சொல்லிவைத்தாய், அண்ணா? அவர்கள் எல்லோரிடமுமா?

அந்தக் கடை உனக்கு ஞாபகம் இருக்குமா? பயாஸ்கோப்பில் படம் பேசத் தொடங்கியதும், திரைக்குக் கீழே உட்கார்ந்து வயலின் வாசித்த உன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் சும்மா இருந்தாய். பிறகு ஹோட்டல் நடனங்களுக்கு வாசிக்கும் பேண்டின் மாஸ்டர், வயலினுக்கு ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள், டபுள் பேஸோடு வருகிறவனுக்குத்தான் கதிரை உண்டு என்று சொல்லிவிட்டார். நீ ஓடிவந்தாய். "வயலினோட பெரியப்பாதானே கமலம் அது? பழகிக்கலாம். நீ புத்தகத்தத் தேடு."

தேடினேன். நூல்நிலையத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் எட்டுப் பக்கம் அகப்பட்டது. இரண்டு நாள் வைத்துப் படித்து உனக்குத் தமிழில் சொன்னேன். முழு மரத்தில் செதுக்கியதே உயர்ந்தது என்று அதில் இருந்தது. எழுதியவர் இருந்த ஊரில் ஐப்பசி மழை கிடையாது என்று எனக்குத் தோன்றவில்லை. அச்சில் இருந்ததை நம்பினேன். அதுதான் என் பழக்கம்.

கொழும்பு வீதிப் பழைய சாமான் கடையில் ஆள் உயரத்துக்கு இரண்டு நின்றன. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனவை. உன் கையிலிருந்த காசுக்கு இரண்டில் எதையும் எடுக்கலாம். நீ அவசரப்படவில்லை. விரல் மூட்டால் ஓரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனாய். ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் மாறும் என்று எனக்குக் காட்டினாய். தச்சன் மாதிரி ஒரு கண்ணை மூடிக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தாய். துளைக்குள் டார்ச் அடித்து, உள்ளே மேல் பலகையைத் தாங்கும் சின்னக் கம்பு நிற்கிறதா என்று பார்த்தாய். வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் குலுக்கினாய், உளுத்த தூள் விழுகிறதா என்று.

முழு மரத்தில் செதுக்கியதற்கு முதுகில் பழைய விரிசல் ஒன்று இருந்தது. யாரோ ஒட்டியிருந்தார்கள். ஆனால் அதன் சத்தம்! வாவியின் அடியிலிருந்து வருவது போல இருந்தது. மற்றதன் சத்தம் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற ஆளைப் போல. அது மூன்று மெல்லிய பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தது. அதைத்தான் நீ திரும்பத் திரும்பத் தொட்டாய்.

"சத்தம் கம்மிதான், கமலம். ஆனா இது லாரியில போகும், மழையில போகும், ரெண்டு வாட்டி கீழ விழும். எனக்கு இது போதும்."

அப்போது நான் சொன்னேன். அண்ணா, இதைத்தான் இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லை. "தேயிலைப் பெட்டிக்குத் தந்தி கட்டிக்கிட்டு தொரைமார் முன்னால நிக்கப் போறியா?" என்றேன்.

நீ சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்தினாய். அதே பலகைதான் அது, தேயிலைப் பெட்டிப் பலகை. அப்பா இருபது வருடம் தோட்டத்து ஃபெக்டரியில் அந்தப் பலகைக்கு ஆணி அடித்துத்தான் நம்மைப் பட்டணத்துக்குக் கூட்டிவந்து படிக்க வைத்தார். அவர் கட்டை விரல் நகம் எப்போதும் கறுத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழில் என்ன என்று கேட்டால் 'ஃபெக்டரியில் உத்தியோகம்' என்று எழுதிக்கொண்டிருந்தவள் நான். உனக்கு அது தெரியும். அதனால்தானே விரிசல் விழுந்ததன் கழுத்தைப் பிடித்து, "சரி, இவரே வரட்டும்" என்றாய்?

வாங்கியதோடு கை காலியாகிவிட்டது. நான்கு தந்தியில் இரண்டு செத்துப்போயிருந்தன. ஒன்று தந்தி வாங்கலாம், அல்லது மழைக்குத் தாங்கும் உறை தைக்கக் கொடுக்கலாம். தந்தி இல்லாமல் எப்படி வாசிப்பாய்? அது சரிதான். உறைக்குப் போர்வை இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். இரண்டு படுக்கை விரிப்பையும் ஒரு போர்வையையும் சேர்த்துத் தைத்து, உன் பெயரின் முதலெழுத்தையும் சிவப்பு நூலில் போட்டேன். மாசி மாதம், வானம் கண்ணாடி போல இருந்தது. பட்டணத்து ஹோட்டல்தானே, பத்து நிமிட தூரம்தானே என்று நினைத்தோம்.

வழுக்கும் நடனத் தரையில் பேஸ் ஊன்றி நிற்கும் அடிக்கம்பி ஓடாமலிருக்க ஒரு பலகைத் துண்டில் குழி தோண்டி, கயிற்றால் உன் காலோடு கட்டிக்கொண்டாய். "ஆனைய சங்கிலியில கட்டுவாங்க. இங்க ஆனை என்னக் கட்டி வச்சிருக்கு," என்றாய்.

சரஸ்வதி பூசைக்கு அம்மா அந்த யானையைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, சந்தனப் பொட்டு வைத்து, தந்தி நான்குக்கும் நல்லெண்ணெய் தடவிவிட்டாளே! வில்லைப் போட்டால் வழுக்கிக்கொண்டு போனது. நீ தலையில் கைவைத்தாய்.

"எண்ணெ தடவினா சத்தம் இனிக்கும்டா," என்றாள் அம்மா.

"இது என்ன இடியப்ப ஒரலாம்மா?"

அன்று ஹோட்டலில் வில்லில்லாமல் விரலால் சுண்டியே முழு நடனத்துக்கும் வாசித்தாய். மாஸ்டர் முதலில் முறைத்தாராம், பிறகு இனி இப்படியே வாசி என்றாராம். வீட்டுக்கு வந்து அம்மாவின் காலில் விழுந்து, "குருவே" என்றாய். நம் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்த கடைசி நாள் அது.

அதற்குப் பிறகு மூன்றாம் வாரம் கடுகண்ணாவைப் பக்கத்துத் துரைமார் கிளப்பில் நடனம். பின்னேரம் மரக்கறி லாரியில் போனீர்கள். பிலிமத்தலாவையில் மழை பிடித்துக்கொண்டது. மிச்சத்தைக் காசிம் நானா ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னார். போர்வை ஊறத் தொடங்கியதும் உன் மழைக்கோட்டைக் கழற்றி அதன் கழுத்திலும் முதுகிலும் சுற்றிக் கட்டினாயாம். எல்லோரும் ஏசினார்களாம். "கோட்டு நனஞ்சா காயும், ஆளு நனஞ்சாலும் காயும். இது நனஞ்சா பிரிஞ்சிரும்" என்றாயாம். ஈரச் சட்டையோடு நடனம் முடியும்வரை நின்று வாசித்தாயாம்.

ஆறு நாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார் டொக்டர். நான்காம் நாள் என்னை அருகில் கூப்பிட்டு, "ஒட்டு விட்டிருக்கான்னு தட்டிப் பாத்தியா?" என்று கேட்டாய். வீட்டுக்குப் போய்த் தட்டினேன். அந்தப் பழைய விரிசல் அடிவரை திறந்திருந்தது. திரும்பி வந்து, "ஒண்ணும் ஆகலை" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நம்பினாயா? நம்பியதாகக் காட்டிக்கொண்டாயா?

நான் அந்தப் பலகைக்கு வெட்கப்படாமல் இருந்திருந்தால் கோட்டு உன் தோளில் இருந்திருக்கும். எத்தனையோ புத்தகம் படித்துவிட்டேன், அண்ணா. இந்த ஒரு வரியை மாற்றிப் படிக்க எதிலும் வழியில்லை.

அதனால் காசிம் நானாவிடம் முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் அந்தப் பியதாச போய்த் தானாக ஒன்றை எடுப்பான், கண்ணுக்கு அழகானதை எடுப்பான் என்று தோன்றியது. நேற்றுக் காலை போனேன்.

அதே கடை. முதலாளிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. உள்ளே முழு மரத்தில் ஒன்று புதிதாக வந்திருந்தது. தேன் நிறம், மினுமினுப்பு. பியதாச அதைப் பார்த்தபடியே நின்றான். உன் வயதுதான் இருக்கும். மூலையில், அண்ணா, உன்னுடையது நின்றது. நீ அன்று கேட்ட அந்தப் பலகைப் பேஸ். அதன் தலையிலும் தந்தி முறுக்கும் பிருடைகளிலும் முதலாளி பழைய தொப்பிகளை மாட்டிவைத்திருந்தார்.

"அதுவா? தொப்பி மாட்டத்தான் நிக்குது. எடுத்துட்டுப் போனா எனக்கு எடம் மிச்சம்," என்றார்.

"தொப்பியும் சேத்தா தாறீங்க, மொதலாளி?" என்றார் காசிம் நானா.

நான் கிட்டப் போய், துளைக்குள் பார்த்துவிட்டு, ஓரத்தைச் சுற்றித் தட்டினேன். மேல், இடுப்பு, அடி, மறுபக்கம். எங்கும் ஒரே சத்தம். இரண்டு மழைக்காலம் அந்த ஒழுகும் மூலையில் நின்றும் ஓர் ஒட்டுக்கூட விடவில்லை. விட்டிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் நினைத்தேன். அதுவும் பிரிந்திருந்தால், எதை வாங்கியிருந்தாலும் இப்படித்தான் என்று நேற்றிரவாவது தூங்கியிருப்பேன்.

பியதாச தேன் நிறப் பேஸைச் சுண்டிப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, இதுட சத்தம் நல்லம் தானே?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கு. எடுக்காதீங்க," என்று மூலையில் நின்றதைக் காட்டினேன். "இத எடுங்க. உள்ளே கம்பு விழுந்து கிடக்கு, தச்சன் நிமித்திக் கொடுப்பான். ரெண்டு தந்தி மாத்தணும். தந்திக்கு முன்னால உறை வாங்கணும்."

"சத்தம் கொஞ்சம் அமுங்கி ஈக்கிதே, தங்கச்சி," என்றார் காசிம் நானா.

"இது லாரியில போகும். மழையில போகும். ரெண்டு வாட்டி கீழ விழும்."

அவர் என்னையே பார்த்தார். அது யார் பேச்சு என்று அவருக்குத் தெரியாதா? "சுந்தர் அண்டைக்கு இதையா கேட்டான்?" என்றார் மெதுவாக.

தலையை ஆட்டினேன். அவர் 'அல்லாவின் நாட்டம்' என்றுகூடச் சொல்லவில்லை. போய், தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார்.

தார்ப்பாய் வாங்கி நேற்றே தைக்கத் தொடங்கினேன். உடம்புக்குச் சரியாக இருந்தது. கழுத்துக்கு எட்டவில்லை. அம்மா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்னது அது?"

"உறை. பேண்டுக்கு வந்திருக்கிற புது ஆளுக்கு."

"அவனோடதும் ஒட்டு விடுமா?" இரண்டு வருடத்தில் அம்மா அதைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

"விடாதும்மா. தேயிலைப் பெட்டிப் பலகை."

அம்மா தார்ப்பாயின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "ஒங்கப்பா அடிச்ச பெட்டி ஒண்ணுகூடத் தண்ணி குடிச்சதில்ல," என்றாள். பிறகு உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். அந்த அலுமாரியை என்னைத் தொடக்கூட விடமாட்டாள். உன் மழைக்கோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். விளிம்பில் பிலிமத்தலாவைச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"கழுத்துக்கு இத வெட்டிப் போடு. தண்ணி அங்கதான் எறங்கும்."

கோட்டைத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் விரித்தேன். அவள் அடுப்படி வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அந்தப் பையனுக்கு அம்மா இருக்காளா?"

"இருக்காங்களாம், அம்மா."

"அப்ப தையல ரெட்டையாப் போடு."

அம்மாவுக்கு எவ்வளவு தெரியும், அண்ணா? நான் கடையில் சொன்னது தெரியுமா? நீ எப்போதாவது சொன்னாயா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

உன் யானை கூடத்து மூலையில்தான் நிற்கிறது. தந்திகளைத் தளர்த்திவிட்டேன். அம்மா வைத்த சந்தனப் பொட்டின் கறை இன்னும் போகவில்லை. அதை விற்கமாட்டேன், விரிசலையும் மறைக்கமாட்டேன். கத்தரிக்கோல் என் பக்கத்தில் இருக்கிறது. இந்தக் கடிதத்தை முடித்ததும் கோட்டை வெட்டவேண்டும். தையல் இரட்டையாகத்தான் போடுவேன், அண்ணா. அந்தப் பேஸுக்காக இனி யாரும் தன் கோட்டைக் கழற்ற வேண்டியிருக்காது. இது நான் உனக்குத் தரும் வாக்கு.

நீ கேட்டதை வாங்கவிடாத,
ஆணி அடித்தவரின் மகள்,
உன் தங்கை
கமலம்