மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டுது

நவம்பர் 10, திங்கள்

அடைமழை. என் புடவைக்கடையில் ஒரு சனமில்லை.

இராவும் அதே கரைச்சல். படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழும்பிக் குந்தினால் சரி. கல்யாணம் முடித்து றிஸ்னா வீட்டுக்கு வந்து மூன்று கிழமை. முந்தி இப்படி இல்லை.

"என்ன மச்சான், பேயறைஞ்ச மாதிரி குந்திட்டிரிக்கீங்க?" றிஸ்னாதான். சும்மா என்றேன். நோயாளி மாப்பிள்ளை என்று பெயர் வந்தால் என் உம்மா வெளியே தலைகாட்ட ஏலாது.

காரணம் என்னவாக இருக்கும்? புதுத் தலையணை. ஏசி. கண்ணூறு. இருதயம்.

11, செவ்வாய்

தலையணை மாற்றினேன், ஏசி நிறுத்தினேன். வேர்த்ததுதான் மிச்சம்.

இராச் சாப்பாடு: இடியப்பம், மாட்டிறைச்சிக் கறி, கோழிப் பொரியல், வட்டிலப்பம். "கறி புடிக்கல்லயா மகன்?" கதவுக்குப் பின்னாலிருந்து மாமி. அழப்போகிற குரல். இன்னொரு கோழிக்கால்.

மாமா இரண்டு வாயோடு எழும்பி விறாந்தைச் சாய்மனைக் கதிரைக்குப் போய்விட்டார். தினமும் தூக்கம் அதில்தான். "இஞ்சதான் மகன் காத்து நல்லம்." கொட்டுகிற மழையிலுமா? கொடுத்துவைத்த மனுசன்.

12, புதன்

தெரிந்தவர் கண்ணில் படாமல் அக்கரைப்பற்றில் ஒரு டொக்டர். ஈசிஜி எடுத்தார். கால் வீங்குமா? இல்லை. நடந்தால் மூச்சு வாங்குமா? இல்லை. இராவைக்கு என்ன சாப்பாடு? சொன்னேன். பேனையைக் கீழே வைத்துவிட்டார். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தால் படுப்பீங்க? சாப்பிட்ட கையோடு.

"இருதயத்தில ஒண்டுமில்ல தம்பி. வயிறு முட்டி மேல தள்ளுது. பாதி சாப்பிடுங்க, ரெண்டு மூணு மணித்தியாலம் கழிச்சிப் படுங்க. கால் வீங்கி, படுக்க ஏலாமக் குந்தித் தூங்கிற ஆளெண்டாத்தான் பயம்."

அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மாமியிடம் யார் சொல்வது?

வீட்டு வாசலில் மாமா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீங்கின காலில் வார் பட்ட இடம் பள்ளமாக. கேற்றிலிருந்து நடந்ததற்கே மூச்சு வாங்குகிறது. அந்தச் சாய்மனைக் கதிரை ஞாபகம் வந்தது: குந்தித் தூங்கிற ஆள்.

13, வியாழன்

"மாமா, ஆசுபத்திரிக்கு வாங்க." "எனக்கென்ன மகன், காத்துக்குத்தானே படுக்கன்." எத்தனை தரம் கேட்டாலும் காத்து. கடைசியில் மானத்தை விட்டேன்: "எனக்குத்தான் மாமா மூச்சு முட்டுது! தனியப் போகப் பயம்." வீடே கேட்டது. மாமா சாரனை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வெளிக்கிட்டார்.

ஆசுபத்திரி டொக்டர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாமாவின் காலை அமத்திப் பார்த்தார், வாட்டில் கட்டில் கொடுத்துப் படுக்கப் போட்டுவிட்டார். இருதயம் பலவீனமாம். நுரையீரலில் நீர்.

15, சனி

வெயில். ஊசிக்கு நீர் இறங்குகிறது. மாமா கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் குறட்டை.

மாமி கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். "ஒரு வருசமா விறாந்தையில படுக்காரு மகன். என்னோட கோவமெண்டு நெனச்சன். அதான் விதம் விதமா ஆக்கினன்." அழுகை.

குறட்டை நின்றது. "உன்னோட என்ன கோவம் புள்ள? சொன்னா நீ பயப்படுவாய்."

அவருக்கு உப்பில்லாத கஞ்சி. மாமி டிபன் கரியரை என் பக்கம் தள்ளினார். "நீங்களாச்சும் சாப்பிடுங்க மகன்."

கோழிக்கால் இரண்டு. சாப்பிட்டேன்.