சந்தனத்தில் இரண்டு பெயர்

திருவொற்றியூர்
21.9.2003

அன்புள்ள கிறிஸ்டினா,

ஊரே தூங்குகிற நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துவிடு. மதிக்குச் சளி, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தால்தான் தூங்குகிறான். அம்மா வீட்டுச் சாப்பாட்டில் நீ தேறினாயா? உன் பாப்பா எப்படி இருக்கிறாள்?

இங்கே கம்பெனியில், பெண்களை மெஷின் ஓட்ட எடுக்கும் திட்டமே வேண்டாம் என்று ஆண்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். சுப்புராஜ் என் முகத்துக்கு நேராகவே, "உங்களுக்கு வேன் கீது, கொயந்தைக்கு ரூம் கீது. நாங்க இன்னா, நடந்தே சாவணுமா?" என்றான். "உனக்கும் வேன் கேளு நைனா, நானும் கூட வந்து நிக்கிறேன்" என்றேன். சிரித்தான். போய்க் கையெழுத்துப் போட்டான்.

மேனேஜர் வேறு வழி பிடித்திருக்கிறார். இரண்டாம் ஷிப்டில் பெண் தனியாக இருக்கக் கூடாது, இருவர் வேண்டும் என்பது விதி. நீ லீவில் இருப்பதால் என்னைப் பகலில் மட்டும் மெஷினில் விட்டிருக்கிறார். லீவு முடிந்தும் நீ வராவிட்டால் எனக்கு பேக்கிங்தானாம். அட்டைப்பெட்டி ஒட்டவா டிப்ளமோ படித்தோம்?

உன்
மகிழினி


தூத்துக்குடி
28.9.2003

அன்பு மகிழ்,

பாப்பா நலம். மதியை ராத்திரிக் காற்றில் வெளியே தூக்காதே.

ராயபுரத்திலிருந்து வீட்டுக்காரர் பிராங்கிளின் போன் செய்தார். "கோட்டாவுல வந்தவங்கன்னு பேசுறானுங்க, அந்த வேலை நமக்கு எதுக்கு?" என்கிறார். எனக்கும் அலுத்துவிட்டது. பேக்கிங் என்றால் உட்கார்ந்த வேலை. பிள்ளைக்காரிக்கு அது போதாதா? நீயும் ஒத்துக்கொள். என்மேல் கோபப்படாதே.

கிறிஸ்டி


திருவொற்றியூர்
4.10.2003

கிறிஸ்டி,

கோபம்தான். பொய் எதற்கு?

இன்று ஆயுத பூஜை. மெஷினை ஓட்டுகிறவர்தான் அதில் சந்தனத்தால் தன் பெயரை எழுத வேண்டும் என்பது நம் கம்பெனி வழக்கம். போன வருஷம் ஜெபமாலையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு நீ பெயர் எழுதினாய்; புத்தரைக் கும்பிடுகிற நான் பூசணிக்காய் உடைத்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததே.

இந்த வருஷம் நான் போவதற்குள் நம் மெஷினில் 'சுப்புராஜ்' என்று இருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். எல்லாரும் வேலையை விட்டுப் பார்த்தார்கள்.

"பூஜை நாளும் அதுவுமா இன்னாம்மா இது?" என்றான் சுப்புராஜ்.

"வழக்கத்தைத்தான் செய்றேன். இந்த வருஷம் இத ஓட்டினது நீயா?"

மாரியப்பன் அண்ணன் சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். அவரும் கையெழுத்துப் போட்டவர்தான்.

என் பெயரை எழுதினேன். கீழே உன் பெயரையும் எழுதினேன். "அவங்கதான் வர்றதில்லையே" என்றார் மேனேஜர். "ஜூலை வரைக்கும் ஓட்டினது அவங்கதான் சார். லீவு இன்னும் முடியல" என்றேன். என்னை மாற்றுவதென்றால் எழுத்தில் கொடுங்கள், நானாக ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

பயம் இல்லாமல் இல்லை. உன் பெயர் கோணலாகத்தான் வந்திருக்கிறது. வேண்டாமென்றால் நீயே வந்து துடைத்துவிட்டுப் போ. நான் துடைக்க மாட்டேன், யாரையும் துடைக்க விடவும் மாட்டேன்.

லீவு முடிந்து பதிமூன்றாம் தேதி வேலைக்கு வருகிறாயா, இல்லையா? சீக்கிரம் பதில் போடு.

மகிழினி